கண்ணை மட்டும் மூடினோம்

என் மனைவி பிழைப்புக்காக ஆட்களைக் கொல்கிறவள். அதற்கு அவளுக்கு ஒரு முட்டைக்கோஸ் போதும். படத்தில் ஒருவன் கழுத்தில் வாள் இறங்கினால், ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் நின்று அவள் ஒரு முட்டைக்கோஸைப் பிளப்பாள். எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட். குதிரைப்படை பாய வேண்டுமென்றால் இரண்டு கொட்டாங்கச்சி. சேற்றில் பிணம் விழுந்தால் அது ஈரத் துண்டு. வேலை முடிந்ததும் மிஞ்சிய காய்கறிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். போர்ப் படம் ஒன்று அகப்பட்டால் எங்கள் வீட்டில் மாதக்கணக்காக முட்டைக்கோஸ்தான்.

நான் மூக்குக் கண்ணாடி விற்கிறவன். கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வது என் வேலை. உலகத்தில் கெட்டது எல்லாம் கண் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி, வேறென்ன?

எங்களுக்கு ஒரே பெண். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு, ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் சைரன். குளியலறையில் சோப்பு தீர்ந்துபோனால் தெருமுனை வரைக்கும் செய்தி போய்விடும். பள்ளியிலிருந்து வரும்போது முதலில் அவள் குரல் வரும், கொஞ்சம் கழித்துத்தான் ஆள் வருவாள். அவளோடு கண்ணாமூச்சி ஆடுவதைப் போலச் சுலபமான வேலை கிடையாது. ஒளிந்த இடத்தில் அவளுக்கு இருப்பு கொள்ளாது. நாம் தேட ஆரம்பிப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து கிளுகிளுவென்று சிரிப்பு வரும், "நான் இங்க இருக்கேன்! கண்டுபுடி!" என்று அவளே கத்துவாள். நாங்கள் காது கேட்காதவர்களைப் போல வீடெல்லாம் தேடுவோம். அந்தக் குரல் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

வம்பு அந்தக் குரலால்தான் வந்தது. என் மனைவி வேலை பார்த்த படம் ஒரு சரித்திரப் படம். எந்தக் காலத்திலோ ஒரு படை ஒரு ஊருக்குள் புகுந்து அதை இல்லாமல் ஆக்கிய கதை. பள்ளி விடுமுறையில் ஒருநாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று, சைரனை அவள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸிங்காரர் ஒருவர் உண்டு. பெரியகாது என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். காது நிஜமாகவே பெரியது, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அவரும் சைரனும் அங்கே கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள். மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடியிருக்கிறார்.

"கடைத்தெரு வர்ற காட்சியில பின்னால பசங்க விளையாடற சத்தம் வேணும். இது அப்படியே வெச்சுக்கலாம்" என்றாராம். என் மனைவி சரியென்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். படத்தில் தன் குரல் வருகிறது என்று சைரன் வகுப்பு முழுக்கச் சொன்னாள், பள்ளி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சொன்னாள், என் கடையில் கண்ணைக் காட்ட வந்தவர்களையும் விடவில்லை.

படம் தயாரானதும், அதில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி வைத்தார்கள். போஸ்டரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்பு ஒரு பக்கம் கிடக்கிறது, தலை ஒரு பக்கம் கிடக்கிறது, நடுவில் ஒருவன் சிரிக்கிறான். ஓரத்தில் பொடி எழுத்தில், குழந்தைகள் பெற்றோர் துணையுடன் பார்க்கலாம் என்று ஒரு வரி. தணிக்கை செய்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஏழு வயசுக் குழந்தைக்கு இதைக் காட்டப்போறியா? உனக்கு மனசு வருதா?" என்று கேட்டேன்.

அவள் அடுப்படியில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். "அந்தத் தலை மெழுகுங்க. பண்ணினவரை எனக்குத் தெரியும். மூக்கு சரியா வரலன்னு அழுதாரு."

"மெழுகுன்னு உனக்குத் தெரியும். அவளுக்கு?"

"அவளுக்கும்தான் தெரியும். மத்த பிள்ளைங்க ஏன் பயப்படுது? எப்படிப் பண்றாங்கன்னு தெரியாது, அதனால பயப்படுது. நம்ம பொண்ணு முட்டைக்கோஸ் வெட்டறதைப் பக்கத்துல நின்னு பாத்தவ. எல்லாம் பொய்னு நான் அவளுக்குப் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்."

"சரித்திரம்னு போட்டிருக்கே, அது பொய்யா?"

"அதெல்லாம் எந்தக் காலத்துலயோ நடந்தது. இப்ப எதுக்கு அதை இழுக்கறீங்க?"

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. எங்கள் சண்டையை நடுக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சைரன் உள்ளே வந்து நின்றாள். "என் குரல் வர்ற படத்தை நானே பாக்கக் கூடாதாப்பா?" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சைரன் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவாள். மோசமான இடம் வருவதற்கு முன்னால் மனைவி கையை நீட்டி என் முழங்காலைத் தட்டுவாள். நான் உடனே சைரனின் கண்ணைப் பொத்திவிட வேண்டும்.

"ஒரு இடம் தப்பிப்போனா?" என்றேன்.

"தப்பாது. இந்தப் படம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்க யாரு எப்படிச் சாவாங்கன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் படத்தின் ஒவ்வொரு அடியையும் வெட்டையும் அவள்தான் பல தடவை பார்த்துப் பார்த்து ஒலி கொடுத்திருக்கிறாள். ஆனால் அவர்கள் வேலை பார்க்கும் விதத்தை நான் அப்போது யோசிக்கவில்லை. அவர்களுக்குப் படத்தைத் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார்கள். அதிலும் இவள் பார்ப்பது கால்களை. யார் எந்தச் செருப்போடு எந்தத் தரையில் நடக்கிறார்கள், எது எதன்மேல் விழுகிறது, அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது, படம் அவளிடம் வரும்போது பாதி இடத்தில் பேச்சு சேர்ந்தே இருக்காது. படத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று நான் நம்பியவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சைரன் புது கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். அரங்கின் வாசலில் பெரியகாது அவள் கன்னத்தைக் கிள்ளினார். "இன்னைக்கு உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். என்ன என்று அவள் கேட்பதற்குள் உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கடைத்தெருக் காட்சி வந்தது. துணி விற்கிறார்கள், பானை விற்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். சைரன் இருக்கை நுனிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காட்சி முடிந்துவிட்டது.

"அம்மா, என் குரல் வரலயே."

"இங்கதான் வெச்சிருந்தாங்க" என்று மனைவி குழம்பினாள். "இரு, வரும்."

பிறகு படை வந்தது. முழங்காலில் தட்டு விழுந்தது, நான் பொத்தினேன். என் உள்ளங்கையில் சைரனின் இமைகள் படபடத்தன. திரையில் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை நான், நானே பாதி நேரம் முன் இருக்கையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கைக்குக் கீழே இருந்து சைரன் சன்னமாகச் சொன்னாள்: "முட்டைக்கோஸ்."

கொஞ்சம் கழித்து, "கேரட்." அப்புறம், "ஈரத் துண்டு. அம்மா, அது நம்ம பச்சைத் துண்டுதானே?"

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது. எனக்கோ உடம்பு கூசியது. அங்கே ஊர் மொத்தமும் செத்துக்கொண்டிருக்கிறது, என் பெண் காய்கறிக் கடையில் நிற்பவளைப் போலப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயப்படாமல் இருக்கிறாளே என்று மகிழ்வதா, ஐயோ பயப்படவில்லையே என்று பதறுவதா? எனக்குத் தெரியவில்லை.

படம் முடியப்போகும் நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. ஒரு வீடு. ஒரு தாய் தன் சின்னப் பெண்ணைத் துணி வைக்கும் மரப்பெட்டிக்குள் உட்காரவைக்கிறாள். விளையாட்டு என்று சொல்கிறாள். யார் வந்தாலும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு மூடியை மூடுகிறாள். அடுத்து ஒரு படை வீரன் வருவான் என்பது மட்டும் மனைவிக்குத் தெரியும்; முழங்காலில் தட்டு விழுந்தது. நான் பொத்தினேன்.

படை வீரன் ஒருவன் உள்ளே வருகிறான். திரையில் அவன் பூட்ஸ் மட்டும்தான் தெரிகிறது. மெதுவாக நடக்கிறான், நிற்கிறான், திரும்புகிறான். அந்த நடை முழுக்க என் மனைவி நடந்த நடை. வீட்டில் யாரும் இல்லையென்று அவன் முடிவு செய்துவிட்டான். ஒரு காலை வாசற்படிக்கு வெளியே எடுத்து வைத்தும்விட்டான். அரங்கத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள், நானும் விட்டேன்.

பெட்டிக்குள்ளிருந்து கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு கேட்டது.

"நான் இங்க இருக்கேன்! கண்டுபுடி!"

அது சைரனின் குரல். எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரும் அதே சிரிப்பு, அதே அவசரம். வாசலைத் தாண்டிய பூட்ஸ் நின்றது. திரும்பியது. பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கத்தலும் இல்லை, வெட்டும் இல்லை. கனமில்லாத ஏதோ ஒன்று தரையில் பொத்தென்று விழும் ஓசை மட்டும்தான்.

என் உள்ளங்கையில் இமைகள் அசையவில்லை.

"அது என் தலகாணி" என்றாள் சைரன்.

ஆம், அவள் தலையணைதான். கனம் குறைவாக விழ வேண்டும் என்று இயக்குநர் சொன்னார் என்று என் மனைவி ஒருநாள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஏதோ மூட்டை விழுகிறது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அவளிடம் கொடுத்த துண்டுப் படத்தில் பூட்ஸும் தரையும்தான் இருந்தன. இப்போது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தபடி கல்லாகிவிட்டாள். நான் சைரனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தடுக்க வேண்டியது எல்லாம் ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பிறகும் அந்தக் கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல் முட்டாளைப் போல உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு ஏற்பாடு செய்தோம்! சத்தத்திலேயே சோறு தின்னும் குடும்பத்தில் காதைப் பொத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இசை ஓய்ந்து திரை கறுப்பானதும் கையை எடுத்தேன். அதையாவது இன்னும் கொஞ்சம் பொறுத்துச் செய்திருக்கலாம். கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி வந்தது. சைரனுக்கு இப்போதுதான் வாசிப்பு பிடிபட்டிருக்கிறது, கண்ணில் பட்ட பலகையை எல்லாம் படிப்பாள். அதையும் படித்தாள். எழுத்துக் கூட்டி, இருட்டில், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"இது… உண்மையில்… நடந்தது."

படித்து முடித்ததும் அம்மா பக்கம் திரும்பினாள். "எல்லாம் பொய்னு சொன்னியே?"

மனைவி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைரன் என் பக்கம் திரும்பினாள். "அவன் வெளியில போயிட்டு இருந்தான்லப்பா? கால் சத்தம் கேட்டுச்சே. நான் கத்தாம இருந்திருந்தா அவன் போயிருப்பான்ல?"

"நீ கத்தலடா கண்ணு. அது படம்."

"நான்தான் கத்தினேன். என் குரல்தானே?"

வெளியே வந்தோம். பெரியகாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "எப்படி? சொன்னேன்ல சர்ப்ரைஸ்னு! அங்க நடிச்ச பொண்ணு குரல்ல பயம் தெரிஞ்சுடுச்சு. நிஜமாவே விளையாட்டுன்னு நம்பற குரல் எங்க தேடியும் கிடைக்கல. அப்பத்தான் கடைத்தெருவுக்கு வெச்சிருந்த நம்ம குட்டி ஞாபகம் வந்துச்சு. எடுத்து இங்க போட்டேன், அப்படியே ஒட்டிக்கிச்சு. உள்ள ஒருத்தர் விடாம அழுதாங்க, பாத்தீங்களா?"

"அது என் பொண்ணு" என்றாள் மனைவி.

"ஆமா, அதனாலதான் அவ்வளவு நல்லா வந்திருக்கு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "மனுஷனாய்யா நீ? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலயா?" என்று கத்திவிட்டேன். அவர் விழித்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. அவருக்கு அது ஒரு குரல். பொருந்தியது, வைத்துவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துடுங்க, தயவுசெஞ்சு எடுத்துடுங்க" என்றாள். படம் எல்லா ஊருக்கும் போய்விட்டது என்றார் அவர். சைரன் எங்களுக்கு நடுவில் நின்று எல்லாருடைய செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பேசவே இல்லை. வழக்கமாக அவள் வாயை மூடச் சொல்லி நான் கெஞ்சுகிற பஸ் அது. "அந்தப் பொண்ணு நடிகைடா. படம் எடுத்து முடிச்சதும் எழுந்து வீட்டுக்குப் போய் சாப்பிட்டிருப்பா" என்றேன்.

"அந்தப் பொண்ணு இல்லப்பா. நிஜப் பொண்ணு."

நிஜப் பெண் ஒருத்தி இருந்திருப்பாள். பெட்டிக்குள் சிரித்தாளோ, அழுதாளோ, யாருக்கும் தெரியாது. ஆனால் இனிமேல் என் பெண்ணைப் பொறுத்தவரை அவளுக்குக் குரல் ஒன்று வந்துவிட்டது, அதை மாற்ற என்னால் ஆகாது. மனைவி முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்து தோள் குலுங்க அழுதுகொண்டு வந்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்று நான் கட்டிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ. கூட உட்கார்ந்து பொத்தியவன் நான்தானே?

மறுநாள் சைரன் பள்ளிக்குப் போனாள், வந்தாள். வந்ததே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன, இன்னைக்குச் சைரன் ஊதலயே? உடம்பு சரியில்லயா?" என்று கேட்டாராம்.

சாயங்காலம் நான் கடையை அடைத்துவிட்டு வந்தபோது மனைவி வீட்டுச் செருப்போடு நடுக்கூடத்தில் நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். வீடு அப்படியே இருந்தது. என் மனைவியின் காது சாதாரணக் காது இல்லை. எந்த அறையில் எந்த டம்ளர் உருண்டது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வாள். அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலங்க" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். குளியலறை, கதவு மறைவு, மாடிப்படிக்குக் கீழே எல்லாம் பார்த்தோம். இந்த முறை காது கேட்காதவர்களைப் போல நடிக்கவில்லை, நிஜமாகவே தேடினோம். துணி அலமாரியின் கதவிடுக்கில் தலையணை உறையின் ஓரம் சிக்கியிருந்ததை நான்தான் பார்த்தேன்.

திறந்தேன். துணிகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

"நான் சத்தமே போடலயே" என்றாள், காற்றை மட்டும் வைத்துக்கொண்டு. "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"வெளியில வாடா செல்லம்" என்று மனைவி கையை நீட்டினாள். சைரன் வரவில்லை. அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீயும் வாம்மா. சீக்கிரம். செருப்பைக் கழட்டிடு, கேக்கும்."

என் மனைவி செருப்பைக் கழற்றினாள். காலடி ஓசையை விற்றுச் சம்பாதிக்கிறவள் ஓசையில்லாமல் ஓரடி வைத்து, குனிந்து, தன் பெண்ணின் பக்கத்தில் துணிகளுக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். எனக்கு இடம் இல்லை. சைரன் என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினாள். நான் மெதுவாகச் சாத்தினேன். கீல் லேசாகக் கிறீச்சிட்டது.

"உஷ்" என்றது உள்ளேயிருந்து என் பெண்ணின் குரல்.